அப்பம் யார் கையிலிருந்து வருகிறது?

2020 ஏப்ரல் 9, பெரிய வியாழன். ஊரடங்கு தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்கள் காலனி வீட்டில் பாயை விரித்து, நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்திருந்தார் அம்மா. தட்டில் பெட்டிக்கடையில் வாங்கிய ஒரே ஒரு பன். பக்கத்தில் டம்ளரில் திராட்சைச் சாறு. பழம் கிடைக்காததால் காய்ந்த திராட்சையை முந்தின இரவே ஊறவைத்துப் பிழிந்த சாறு அது.

எங்கள் வரிசையில் டச் போன் இருந்தது என் தம்பி மகனிடம் மட்டும்தான். அந்தப் போனைச் சொம்பில் சாய்த்து நிறுத்தி, சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். 'அவரவர் வீட்டில் அப்பமும் ரசமும் ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று போதகர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார். டவுனிலிருந்து அவர் நடத்திய ஆராதனையில் பாட்டு வந்தது, பிரசங்கம் வந்தது. அப்பத்தைக் கையில் எடுத்து அவர் ஜெபிக்கத் தொடங்கியபோது திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மறுபடி படம் தெரிந்தபோது அவர் கடைசி ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருந்தார்.

அம்மா பன்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஐயா பண்ண ஜெபம் நம்ம பன்னு வரைக்கும் வந்துச்சாடா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் உலகத்தின் பெரிய பெரிய திருச்சபைகளும் அந்த வாரம் கேட்டுக்கொண்டிருந்தன. ஆனால் சேரியிலிருந்து கேட்கும்போது அந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

என்ன விவாதம்?

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு இயேசு தம் சீடர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தார். ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார், ஒரே கிண்ணத்தில் குடிக்கச் சொன்னார். அதன் நினைவாகச் செய்வதுதான் திருவிருந்து. கத்தோலிக்கர்கள் நற்கருணை என்பார்கள். பெரிய வியாழன் அந்த இரவின் நினைவு நாள். அந்த நாளில் ஆலயங்கள் பூட்டிக்கிடந்தது எங்கள் தலைமுறை காணாத ஒன்று.

கூட முடியாதபோது இந்த விருந்தை எப்படிப் பகிர்வது? கத்தோலிக்கத் திருச்சபை தெளிவாகச் சொன்னது: குரு பீடத்தில் ஒப்புக்கொடுக்கும் அப்பம்தான் நற்கருணை, திரையில் பார்ப்பவர்கள் மனத்தால் ஏற்றுக்கொள்ளும் 'ஆன்ம நற்கருணை' ஜெபத்தைச் சொல்லலாம். இங்கிலாந்து திருச்சபையும் ஏறத்தாழ அப்படியே வழிகாட்டியது. அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 2020 மார்ச்சிலேயே, நெருக்கடிக் காலத்தில் இணையவழித் திருவிருந்து நடத்தலாம் என்றது. பிரிட்டனின் மெதடிஸ்ட் திருச்சபை 2021-இல் குறிப்பிட்ட காலத்துக்குச் சோதனையாக அனுமதித்தது. தமிழ்நாட்டில் சில சபைகள் திரையில் நடத்தின, சில சபைகள் கூடும் நாள் வரை காத்திருப்போம் என்றன.

இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு அந்தச் சின்னத் திரை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பந்தி என்றால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் இந்த விவாதம் முழுக்க ஒரு நினைப்பின் மேல் நின்றது: 2020 மார்ச் வரை எல்லோரும் ஒன்றாகக் கூடிக்கொண்டிருந்தோம், வைரஸ்தான் நம்மைப் பிரித்தது என்ற நினைப்பு. சேரி அப்படி நினைக்க முடியுமா?

எங்களுக்குப் புதிதல்ல

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். கிராமத்துச் சபைகளில் ஒரு போதகருக்குப் பல ஊர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்துவது உபதேசியார். அவருக்குத் திருவிருந்து நடத்தும் உரிமை கிடையாது. போதகர் முறைவைத்து வரும் நாளில்தான் அப்பமும் ரசமும். நான் சிறுவனாக இருந்தபோது அந்த நாளில் மழை பெய்து ஓடை நிரம்பினால், அடுத்த முறை வரும்வரை காத்திருப்போம். அதை யாரும் நெருக்கடி என்று சொன்னதில்லை.

அடுத்தது பிழைப்பு. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் வெயில் காலம்தான் வேலைக் காலம். முன்பணம் வாங்கிய குடும்பங்கள் பொங்கல் முடிந்ததும் பிள்ளைகுட்டிகளோடு போய்விடும். மழைக்கு முன்னால்தான் திரும்பும். ஈஸ்டர் எப்போதும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் வரும். அப்படியென்றால் சூளைக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பத்துக்குப் பெரிய வியாழனும் ஈஸ்டரும் ஒவ்வொரு ஆண்டும் சூளையில்தான். 2020-இல் உலகத்துக்கு வந்த ஊரடங்கு, அவர்களுக்கு ஆண்டுதோறும் வருகிறது. கணக்கு தீராமல் எழுந்து வர முடியாத ஊரடங்கு அது.

மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பழையது, சாதி. 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வந்திறங்கியதிலிருந்து தொடங்கும் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றில், சாதிக்கொரு இருக்கை வரிசை நெடுங்காலம் இருந்தது. யார் முதலில் அப்பம் வாங்குவது என்ற வரிசையும் இருந்தது. சில சபைகளில் கிண்ணமே தனித்தனியாக இருந்ததை மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. டீக்கடையில் இரட்டைக் குவளை வருவதற்கு வெகு முன்பே ஆலயத்தில் இரட்டைக் கிண்ணம் வந்துவிட்டது.

1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் இந்த வேறுபாடுகளை உடனே ஒழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பலர் சபையை விட்டே விலகினார்கள். ஒரே கிண்ணத்தில் குடிப்பதைவிடக் குடிக்காமலே இருப்பது மேல் என்று முடிவு செய்தார்கள். அவர்களைக் கூடவிடாமல் தடுத்த வைரஸ் எது?

பழைய கதை என்று தள்ள முடியாது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் தலித்துகளைத் தனியே வைக்க எழுப்பிய சுவரைப் பற்றி நாளேடுகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டது 2008-இல் மோதலாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போனது. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. மறுபக்கம், மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சொல்வதுபோல் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆலயத்தில் சாதி உண்டு, அரசாணையில் சாதி இல்லை. நடுவில் நிற்பவர்கள் நாங்கள்.

ஆக, கூட முடியாத கிறிஸ்தவர்கள் திருவிருந்தை எப்படிப் பகிர்வது என்ற கேள்வியை 2020 உருவாக்கவில்லை. அதுவரை எங்கள் தெருவில் இருந்த கேள்வி எல்லோர் வீட்டுக்கும் வந்தது, அவ்வளவுதான்.

கொரிந்து சபையின் பந்தி

திருவிருந்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்து, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 54-இல் எபேசு நகரத்திலிருந்து எழுதியது. அவரும் நேரில் போக முடியாமல்தான் எழுதினார். அந்தக் கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில் அவர் கோபப்படுவதைக் கவனியுங்கள். அப்பம் எந்த மாவில் செய்தது, ஜெபத்தை யார் சொன்னது என்பது அங்கே பிரச்சினை இல்லை. வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே வந்து தாங்கள் கொண்டுவந்ததைத் தின்று குடித்துவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். அடிமைகளும் கூலிகளும் வேலை முடிந்து பிந்தி வந்திருப்பார்கள் என்று உரையாசிரியர்கள் பலர் விளக்குகிறார்கள். இப்படிச் சாப்பிடுவது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அவர் சொன்ன தீர்வு எளிமையானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும்.

இதை வைத்துத்தான் திரையையும் ஆலயத்தையும் எடைபோட வேண்டும். யார் இன்னும் வரவில்லை என்று பார்த்துக் காத்திருக்கும் பந்தி எதுவோ, அது திருவிருந்து. வராதவரை மறந்துவிட்டுச் சாப்பிடும் பந்தி, பேராலயத்தின் பளிங்குத் தரையில் நடந்தாலும் கொரிந்துப் பந்திதான்.

திரையில் எனக்கு இருக்கும் பயமும் இங்கேதான். அவரவர் வீடு, அவரவர் அப்பம், அவரவர் டம்ளர். நோய்க் காலத்தில் அது கட்டாயம். நோய் போன பிறகும் அது பழகிப்போனால் யாருக்குச் சௌகரியம்? யார் பக்கத்தில் உட்காருவது, யார் வாய் வைத்த கிண்ணம் என்ற சங்கடமே இல்லாத திருவிருந்து அது. அதை விரும்புகிறவர்கள் 1833-லும் இருந்தார்கள். 1890-களில் அமெரிக்கச் சபைகளில் பொதுக் கிண்ணம் போய், ஆளுக்கொரு சிறு கிண்ணம் வந்தது. கிருமி பயம் என்பது வெளியே சொன்ன காரணம். வந்தேறிகளோடும் கறுப்பின மக்களோடும் ஒரே கிண்ணத்தைப் பகிர மனமில்லாததும் அதில் சேர்ந்திருந்தது என்று வரலாற்றாய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சுத்தம் என்ற சொல் எங்கெல்லாம் போய் ஒளிந்துகொள்ளும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'சமூக இடைவெளி' என்ற சொல்லை 2020-இல் கேட்டபோது தலித்துகள் ஏன் முகம் சுளித்தார்கள் என்பதும் இதனால்தான்.

திண்ணையில் வைத்த அப்பம்

நான் நேரில் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், சபை பெயர் வேண்டாம்.

2021-இல் இரண்டாம் அலையில் மூடிய ஆலயங்கள் ஜூலையில் திறந்தன. அதன்பின் ஒரு சபையில் நல்ல ஏற்பாடு செய்தார்கள். ஆலயத்தில் ஜெபித்த அப்பத்தை, வர முடியாத முதியவர்கள் வீட்டுக்கு இளைஞர்கள் கொண்டுபோய்க் கொடுப்பது. கொண்டுபோனவர்களில் ஒருத்தி எங்கள் உறவுக்காரப் பெண், நர்சிங் மாணவி. முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே, "திண்ணையில வச்சிட்டுப் போம்மா, நாங்க எடுத்துக்கிறோம்" என்றார்கள். நோய்க் காலம், நியாயந்தானே என்று வைத்துவிட்டு வந்தாள்.

மாதங்கள் போயின. முகக்கவசம் போனது, கல்யாணங்கள் நடந்தன, திருவிழா நடந்தது. அவள் மறுபடி அதே வீட்டுக்குப் போனாள். மறுபடி அதே சொல்: "திண்ணையில வச்சிட்டுப் போம்மா." அவளோடு போன இன்னொரு பையனை, அவன் ஊர்த்தெருக்காரன், உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் முறை சொன்னதற்கும் அர்த்தம் புரிந்தது.

சபைப் பெரியவர்களிடம் சொன்னாள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பினார்கள். "பிரச்சினை வேண்டாம்மா, பெரியவருக்கு அப்பம் போய்ச் சேர்ந்தால் சரி" என்றார்கள். அவள் அந்தப் பணியிலிருந்து நின்றுகொண்டாள். பெரியவருக்கு அப்பம் போய்ச் சேர்ந்தது. திருவிருந்து போய்ச் சேர்ந்ததா?

கொண்டுபோக வேண்டும்

கூட முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்பதற்குத் திருச்சபையிடம் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. கி.பி. 155 வாக்கில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், ஞாயிறு வழிபாடு எப்படி நடக்கிறது என்று பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் விளக்கியிருக்கிறார். கூடியவர்கள் அப்பத்தைப் பகிர்ந்த பிறகு, வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதே இடத்தில் இன்னொன்றும் எழுதுகிறார்: வசதியுள்ளவர்கள் தரும் காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும் போகும். அப்பம் போன வழியிலேயே உதவியும் போயிருக்கிறது.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் குருவல்லாத பொதுநிலையினரும் நற்கருணை கொண்டுபோக 1973-லேயே வழி திறந்தாகிவிட்டது. மற்றச் சபைகளும் தங்கள் ஒழுங்குக்கு உட்பட்டு இதைச் செய்ய முடியும். நான் கேட்பது மூன்று.

ஒன்று, உபதேசியாரோடு நின்றுவிடும் சிற்றூர்களுக்கு ஞாயிறுதோறும் தாய்ச் சபையின் அப்பம் வரட்டும். ஒரே பந்தியிலிருந்து பிட்ட அப்பம், அதே நாளில். மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரப் பயணம். பணப் பற்றாக்குறை இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

இரண்டு, ஈஸ்டர் காலத்தில் சூளைக்குப் போக வேண்டும். சபைப் பதிவேட்டில் பெயர் இருந்து ஆள் இல்லாத குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொரு சபைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்பத்தோடு போகிறவர்கள் முன்பணக் கணக்கையும் பிள்ளைகளின் படிப்பையும் விசாரிக்காமல் திரும்பக் கூடாது. ஜஸ்டின் காலத்தில் அப்படித்தான் போனார்கள்.

மூன்று, இதுதான் கடினமானது. கொண்டுபோகும் கையைச் சாதி பார்த்து மாற்றக் கூடாது. காலனிப் பெண் கொண்டுவரும் அப்பத்தை அவள் கையிலிருந்து வாங்க மாட்டேன் என்கிற வீட்டுக்கு, வேறு கையில் கொடுத்தனுப்பக் கூடாது. நோயாளியைப் பட்டினி போடுவதா என்று கேட்பார்கள். பட்டினி போட்டுக்கொள்வது யார்? அப்பம் வாசலில்தான் நிற்கிறது. கதவைத் திறந்தால் போதும்.

இப்படியெல்லாம் செய்தால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்கும் மாணவர்கள் இருப்பார்கள். நல்ல கேள்வி. சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது, சாதி மறுப்புத் திருமணம்தான் உண்மையான மருந்து என்று 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதிவிட்டார். சுதந்திர தினத்தன்று கோயில்களில் நடக்கும் சமபந்தி விருந்தில் அதிகாரிகள் இலை போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதையும், மறுநாள் ஊர் பழைய ஊராகவே இருப்பதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஆனால் 1927-இல் மஹத் குளத்தில் தண்ணீரை அள்ளிக் குடிக்க அதே அம்பேத்கர்தான் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துப் போனார். தண்ணீர் குடித்தால் எல்லாம் தீரும் என்று அவர் நினைக்கவில்லை. மனிதர் என்பதை நிலைநாட்ட அங்கிருந்து தொடங்க வேண்டியிருந்தது. திருவிருந்தும் அப்படித்தான். நாம் ஒரே உடல் என்று வாயால் அறிக்கையிடுகிறவர்கள், அந்த அறிக்கையைக் கையால் செய்து காட்டும் இடம் அது. அங்கேயே முடியாவிட்டால் கல்யாணப் பந்தலில் எப்படி முடியும்?

அம்மாவின் பன்

அந்தப் பெரிய வியாழனுக்குத் திரும்புகிறேன். டவுனிலும் நகரத்திலும் அன்றைக்கு ஆளுக்கொரு போன், அறைக்கொரு திரை இருந்தது. ஒரே வீட்டுக்குள்ளேயே தனித்தனியாக ஆராதனை பார்த்தவர்கள் உண்டு. எங்கள் வரிசையில் இருந்தது ஒரே போன். அதனால் ஏழு பேர் ஒரே பாயில் உட்கார வேண்டியதாயிற்று. இருந்தது ஒரே பன். அதனால் பிட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

அம்மா ஏழாகப் பிடவில்லை, எட்டாகப் பிட்டார். எட்டாவது துண்டை ஒரு கிண்ணியில் போட்டு மூடி வைத்தார். மூன்றாவது வீட்டு அத்தைக்குக் காய்ச்சல், அவர் வரவில்லை. ரேஷனில் கொடுத்த ஆயிரம் ரூபாயை வாங்கப் போய் வெயிலில் நின்று வந்ததிலிருந்து படுத்துவிட்டார். அவருக்குக் கொடுத்துவிட்டு வரும்வரை எங்கள் யாரையும் சாப்பிட விடவில்லை அம்மா. பத்து நிமிடம் பன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

போதகரின் ஜெபம் எங்கள் பன் வரைக்கும் வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை இறையியல் படித்தவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். பன் மூன்றாவது வீடு வரைக்கும் போனது. அத்தை அம்மாவின் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டார். அதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.